எதிரே ஆதர்ச எழுத்தாளர்: என்ன பேசுவது, எதைத் தவிர்ப்பது

எதிர்பாராத சந்திப்பு என்கிறோமே தவிர, தமிழில் அது நடக்கும் இடங்கள் ஓரளவுக்குத் தெரிந்தவைதான். 1977-இல் அண்ணா சாலை மதரசா-ஏ-ஆசம் பள்ளியில் தொடங்கி, இப்போது நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் ஜனவரிதோறும் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சி முதல் இடம். ஆகஸ்டில் ஈரோடு, அதற்குச் சற்று முன்னால் கோவை கொடிசியா, இப்போது ஏறக்குறைய எல்லா மாவட்டத் தலைநகரங்களிலும் அரசு நடத்தும் புத்தகத் திருவிழாக்கள் இரண்டாவது. டிசம்பரில் கோவையில் 2010 முதல் நடக்கும் விஷ்ணுபுரம் விருது விழா மாதிரியான கூடுகைகளில் எழுத்தாளர்கள் மேடையில் இருப்பதைவிட டீ வரிசையில் இருக்கும் நேரமே அதிகம். மிச்சம், ரயில். நாகர்கோவிலிலும் திருநெல்வேலியிலும் கோவையிலும் இருப்பவர்கள் சென்னைக் கூட்டத்துக்கு வரப் பெரும்பாலும் இரவு ரயிலைத்தான் பிடிக்கிறார்கள்.

முன்பு வீடுகளே இதற்குத் திறந்து கிடந்தன. கே.கே. நகரில் ஜெயகாந்தன் வீட்டு மொட்டை மாடிச் சபை, நாகர்கோவிலில் சுந்தர ராமசாமியின் வீடு, புதுச்சேரியில் கி. ராஜநாராயணன் வீடு என்று, கதவைத் தட்டினால் காபி கொடுத்துப் பேச ஆளிருந்த இடங்கள் அவை. அந்த வழக்கம் குறைந்துவிட்டது. முன்பு ஒரு சாயங்காலம் முழுக்கக் கிடைத்தது, இப்போது அரங்க வாசலில் மூன்று நிமிஷமாகச் சுருங்கியிருக்கிறது. அந்த மூன்று நிமிஷத்தை எழுதத் தொடங்கியிருப்பவர்கள் பெரும்பாலும் ஒரே விதத்தில்தான் கெடுத்துக்கொள்கிறார்கள். தாங்கள் எழுதியதைப் பற்றிப் பேசித் தீர்த்துவிடுகிறார்கள். அவர் எழுதியதைப் பற்றிப் பேச வேண்டிய நேரம் அது.

அவர்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்

பின்னட்டைப் படத்தை நம்பாதீர்கள். அது பெரும்பாலும் பத்து, பதினைந்து வருஷத்துக்கு முந்தையது. தலைமுடி கறுப்பாக இருக்கும், மீசை இருக்கும், கண்ணாடி இருக்காது. சந்தேகமிருந்தால் அரங்கில் பில் போடும் தம்பியிடம் மெதுவாகக் கேளுங்கள். அவருக்குத் தெரியாமல் இருக்காது. “சார், நீங்க எழுத்தாளரா?” என்று நேரே போய் நிற்பதைவிட இது ஆயிரம் மடங்கு மேல்.

ஆள் சரியாக இருந்தும் பெயர் தவறிவிடுவதுதான் இதைவிட மோசம். வண்ணதாசனும் வண்ணநிலவனும் இரண்டு பேர். இருவரும் நெல்லைக்காரர்கள், நண்பர்கள். ஆனால் வண்ணதாசனும் கல்யாண்ஜியும் ஒரே ஆள்: கதைக்கு ஒரு பெயர், கவிதைக்கு ஒரு பெயர். சு. வேணுகோபாலிடம் போய் சு. வெங்கடேசனின் நாவலைப் புகழ்ந்துவிட்டால், அவர் சிரித்துக்கொண்டே நன்றி சொல்லி அனுப்பிவிடுவார். உங்களுக்கு அது தெரியவே வராது. கிட்டப் போவதற்கு முன்னால் அவருடைய இரண்டு புத்தகங்களின் பெயரை மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். வரவில்லை என்றால், அதே அரங்கில் அவர் புத்தகம் அடுக்கியிருக்கும் பலகைப் பக்கம் ஒரு நடை போய்விட்டு வாருங்கள்.

புனைபெயர்க்காரரை இயற்பெயரால் கூப்பிட வேண்டாம். இமயத்தின் பெயர் அண்ணாமலை என்பதும், அம்பை சி.எஸ். லட்சுமி என்பதும், நாஞ்சில் நாடன் சுப்பிரமணியம் என்பதும் பலருக்குத் தெரிந்த செய்திதான். தெரிந்திருப்பது வேறு, முதல் சந்திப்பில் “அண்ணாமலை சார்” என்பது வேறு. பழகியவர்களுக்கும் உறவினர்களுக்கும் உரிய இடத்தை அது தானாக எடுத்துக்கொள்கிறது.

இப்போது போகலாமா, கூடாதா

மருத்துவமனை, வங்கி, துக்க வீடு ஆகிய மூன்று இடங்களிலும் தூரத்திலிருந்து ஒரு கும்பிடு, அவ்வளவுதான். அவர் பதிலுக்குக் கும்பிட்டாலும் நெருங்க வேண்டாம். கல்யாண வீட்டில் பந்திக்கு முன் போகாதீர்கள். சாப்பிட்டுக் கைகழுவி வெற்றிலைத் தட்டுப் பக்கம் வரும்போது பேசலாம். டீக்கடையில் அவர் கையில் கண்ணாடி டம்ளர் இருக்கும்வரை பேசலாம், டம்ளரை வைத்ததும் நிறுத்திவிட வேண்டும். அவருக்கும் சேர்த்துக் காசு கொடுக்க முண்டியடிக்க வேண்டாம். கொடுக்கத்தான் வேண்டும் என்றால் ஒருமுறை சொல்லிப் பாருங்கள், மறுத்தால் விட்டுவிடுங்கள்.

புத்தகக் காட்சியில் நேரம் முக்கியம். சனி, ஞாயிறு, பொங்கல் விடுமுறை நாள்களில் மாலை ஐந்துக்கு மேல் நடைபாதையில் நெரிசல். அப்போது அவர் எதிரே வரிசை நிற்கும், பதிப்பாளர் அவரை வேறு யாருக்கோ அறிமுகம் செய்துகொண்டிருப்பார். வேலைநாளில் அரங்கு திறந்த முதல் இரண்டு மணி நேரம் அப்படியே தலைகீழ். வெயில் கூரையில் இறங்கிக் காய்ந்துகொண்டிருக்க, பெரிய பெயர்களே பிளாஸ்டிக் நாற்காலியில் தனியாக உட்கார்ந்து எதிர் அரங்கின் பெயர்ப்பலகையை வாசித்துக்கொண்டிருப்பார்கள். பேச ஆள் வந்தால் அவர்களுக்குச் சந்தோஷம்தான்.

அவர் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தால் இருவருக்கும் நடுவே முகம் நீட்டாமல், அவர் பார்வையில் படும்படி நான்கைந்து அடி தள்ளி நில்லுங்கள். முதுகுப் பக்கமாகப் போய்த் தோளைத் தொடுவது எந்த ஊரிலும் வேண்டாம். பேச்சு ஐந்து நிமிஷத்துக்கும் முடியவில்லை என்றால் போய்ப் புத்தகம் பாருங்கள், திரும்பி வரலாம்.

முதல் அரை நிமிஷம்

கும்பிடு, பெயர், ஊர், அவர் எழுதியதில் ஒன்று. இந்த வரிசை மாற வேண்டாம். ஊரை விட்டுவிடாதீர்கள், தமிழ் எழுத்தாளர்களில் முக்கால்வாசிப் பேர் ஊர்ப் பெயரைக் கேட்டதும் பேசத் தொடங்கிவிடுவார்கள். “திருச்செங்கோடு சார்” என்றால், “திருச்செங்கோட்டுல எங்க?” என்று வரும். அதற்குமேல் அவரே நடத்திக்கொண்டு போவார்.

எப்படிக் கூப்பிடுவது என்று பலர் அங்கேயே திணறுவார்கள். ‘சார்’ எல்லா இடத்திலும் செல்லும். மூத்தவர்கள், தமிழறிஞர் வட்டத்தில் இருப்பவர்கள் என்றால் ‘ஐயா’. த.மு.எ.க.ச., கலை இலக்கியப் பெருமன்றம் போன்ற இடதுசாரி எழுத்தாளர் அமைப்புகளின் மேடைகளில் ‘தோழர்’ இயல்பானது; ஆனால் நீங்கள் அந்த வட்டத்தில் இல்லாதவர் என்றால் சாரே போதும். ‘அண்ணே’ என்பதை அவர் ‘தம்பி’ என்று கூப்பிட்ட பிறகு வைத்துக்கொள்ளலாம். பெண் எழுத்தாளர்களை ‘மேடம்’ என்பது பாதுகாப்பு. ‘அம்மா’ சிலருக்குப் பிடிக்கும், சிலருக்கு எரிச்சல். கதாபாத்திரத்தின் பெயரைச் சொல்லி அவரைக் கூப்பிடும் பழக்கம் ஒன்று வந்திருக்கிறது, அதை விட்டுவிடுங்கள்.

அவர் எழுதியதைப் பற்றிச் சொல்லும்போது ‘சூப்பர்’, ‘செம’, ‘அருமையான எழுத்து’ எதற்கும் பிடி கிடையாது. அவரால் அதற்கு நன்றி சொல்ல முடியும், வேறெதுவும் சொல்ல முடியாது. ஒரு கதை, அதில் ஓர் இடம், அது உங்களிடம் என்ன செய்தது என்ற மூன்றையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். ஒரு மாதிரிக்கு:

“வணக்கம் சார். பேரு கார்த்திகா, சங்கரன்கோவில். உங்க தறி கதையில அந்தம்மா கரண்ட் போன நேரத்துல மட்டும் புள்ளைகிட்ட பேசுவாங்களே, அந்த இடம். எங்க வீட்டுலயும் அப்படித்தான் சார். அதை யாரும் எழுதிப் பாத்ததில்ல.”

இதைச் சொல்ல இருபது நொடி ஆகாது. கதையைப் படித்திருக்கிறார் என்பதும், எந்த இடத்தைப் பிடித்திருக்கிறார் என்பதும், கண்ணுள்ளவர் என்பதும் எழுத்தாளருக்குத் தெரிந்துவிடும். “நானும் எழுதுறேன்” என்று சொல்லாமலே, எழுதுகிறவர் என்பது பாதி புரிந்துவிடும். பெரும்பாலும், “நீங்க எழுதுவீங்களா?” என்று அவரே கேட்பார். கேட்டால், “ரெண்டு கதை வந்திருக்கு சார்” என்றோ “இன்னும் ஒண்ணும் வரலை சார், எழுதிட்டிருக்கேன்” என்றோ ஒரு வரி. கேட்காவிட்டால் சொல்லத் தேவையில்லை.

இன்னொன்று: நாற்காலியில் இருப்பவர் எதிரே நின்றபடி குனிந்து பேசாதீர்கள். ஒலிபெருக்கியில் காணாமல் போன குழந்தையின் பெயரோ, மாலை நிகழ்ச்சியின் விவரமோ ஓடிக்கொண்டேயிருக்கும். எழுபது வயதுக்காரர் காதில் உங்கள் குரல் பாதிதான் விழும். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தால் கேட்டுவிட்டு உட்காருங்கள், இல்லாவிட்டால் முன்னால் ஒரு நிமிஷம் குத்துக்காலிட்டுப் பேசுங்கள். காலில் விழ வேண்டாம். நவீன எழுத்தாளர்களில் பலரும் கூசிப் பின்வாங்குவார்கள். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் எல்லாரும் தாங்களும் விழ வேண்டுமோ என்று தவிப்பார்கள்.

வாயில் வரக் கூடாதவை

“உங்க நாவலை பிடிஎஃப்ல படிச்சேன் சார்.” இதைச் சொல்பவர் பாராட்டாகத்தான் சொல்கிறார். தமிழில் ராயல்டி என்பது பொதுவாக விலையில் பத்து சதவீதம். 300 ரூபாய் புத்தகத்துக்கு 30 ரூபாய். ஒரு பதிப்பு சில நூறு பிரதிகளே அச்சாகும் காலம் இது. சி.சு. செல்லப்பா 1959-இல் ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கியவர். புத்தகங்களைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவரும் அவரே. அந்தக் கணக்கு இன்னும் பெரிதாக மாறிவிடவில்லை. திருட்டுப் பிரதியில் படித்திருந்தால் அதைச் சொல்லாமல், இப்போது அரங்கில் ஒன்றை வாங்கிவிடுங்கள். பத்து சதவீதத் தள்ளுபடியும் கிடைக்கும்.

நூலகத்தில் எடுத்துப் படித்தேன் என்று சொல்வதில் தவறே இல்லை. எந்த ஊர் நூலகம் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள், அவர்களுக்கு அது உண்மையிலேயே பிடிக்கும்.

“இப்ப என்ன எழுதிட்டிருக்கீங்க?” என்பதை எல்லாரும் கேட்கிறார்கள். எழுத முடியாமல் இரண்டு வருஷமாக நின்றுபோன நாவல் பலரிடம் உண்டு. அந்தக் கேள்வி நேரே அதில் போய் இடிக்கும். இன்னொரு எழுத்தாளரைச் சொல்லி, “அவரைவிட நீங்கதான் சார்” என்பது வேறு வகை ஆபத்து. அந்த அவர் பெரும்பாலும் இவருடைய நண்பர். நண்பர் இல்லையென்றால் இன்னும் மோசம், அன்று மாலைக்குள் நீங்கள் ஒரு கட்சியில் சேர்க்கப்பட்டிருப்பீர்கள். சர்ச்சை, வழக்கு, விருது கிடைத்தது, கிடைக்காதது எதையும் எடுக்காதீர்கள். சினிமாவுக்கு வசனம் எழுதியவர் என்றால், அவர் புத்தகத்தைப் பற்றிப் பேசினால் தனி மகிழ்ச்சி. படத்தைப் பற்றிப் பேச அவருக்கு நூறு பேர் இருக்கிறார்கள்.

பெண் எழுத்தாளர்களிடம், “வீட்டு வேலைக்கு நடுவுல எப்படி மேடம் எழுதுறீங்க?” என்று கேட்காதீர்கள். ஐம்பது வருஷமாக ஒவ்வொரு மேடையிலும் கேட்கப்பட்டுவரும் கேள்வி அது. கதையைப் பற்றிக் கேளுங்கள்.

கேட்கத் தகுந்த கேள்வி, இரண்டு நிமிஷத்தில் பதில் சொல்ல முடிகிற கேள்வி. “எழுத்தாளர் ஆக என்ன செய்யணும்?” என்றால், “நிறையப் படிங்க” என்பதற்கு மேல் எந்தக் கொம்பனாலும் சொல்ல முடியாது. “அந்தக் கதையில உப்பளத்து வேலை விவரமெல்லாம் எப்படிச் சேர்த்தீங்க சார்?” என்று கேட்டால் ஒரு சம்பவமே வரும். “உங்களுக்கு முந்தின தலைமுறையில, இப்ப யாரும் பேசாத ஒருத்தரைப் படிக்கச் சொன்னா யாரைச் சொல்வீங்க?” என்பதும் நல்ல கேள்வி. பெயர் வந்ததும் கைபேசியில் குறித்துக்கொண்டு, இரண்டு வரிசை தள்ளிப் போய் அந்தப் புத்தகத்தைத் தேடுங்கள். கிடைத்தால் திரும்பி வந்து காட்ட வேண்டாம். படித்துவிட்டுக் கடிதத்தில் எழுதலாம்.

கையெழுத்து

முதலில் காசு கொடுத்து வாங்குங்கள், பில்லைப் புத்தகத்துக்குள் வையுங்கள். வாங்காத புத்தகத்தில் கையெழுத்து வாங்கிவிட்டுப் பிறகு பணம் போதாமல் விழிப்பவர்கள் ஒவ்வொரு வருஷமும் உண்டு. அந்தப் பிரதியை அதற்குப் பிறகு யாரிடம் விற்பது? வேறு பதிப்பகத்தில் வாங்கியதை இந்த அரங்குக்குக் கொண்டுவந்தால் வாசலிலேயே பில்லைக் காட்டிவிடுங்கள். நூலக முத்திரை குத்திய புத்தகத்தில் கையெழுத்துக் கேட்காதீர்கள். வேறு எழுத்தாளரின் புத்தகத்தை நீட்டாதீர்கள். வெள்ளைத்தாள் நோட்டுப் புத்தகம் அதைவிட மேல்.

பேனா உங்களிடம் இருக்கட்டும். நீலம் அல்லது கறுப்பு பால் பாயின்ட் பேனாவே நல்லது. ஜெல் பேனா மை காய நேரமெடுக்கும். எழுதியதும் மூடினால் எதிர்ப்பக்கத்தில் கண்ணாடிப் பிம்பமாக இன்னொரு கையெழுத்து விழும். ஸ்கெட்ச், மார்க்கர் வகைகள் எழுபது ஜி.எஸ்.எம். தாளில் பின்பக்கம்வரை ஊறும். அட்டையின் உட்பக்கம் வழவழப்பாக இருந்தால் அதில் எந்த மையும் சரியாகப் பிடிக்காது. புத்தகப் பெயர் அச்சாகியிருக்கும் தலைப்புப் பக்கத்தைத் திறந்து, இடது பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தபடி கொடுங்கள். புதுப் புத்தகம் ஒட்டுப் போட்ட முதுகோடு தானாக மூடிக்கொள்ளும், அவருக்கு இரண்டு கையும் தேவைப்படும்.

உங்கள் பெயரைத் துண்டுத் தாளில் தமிழில் எழுதிக் காட்டுங்கள். இரைச்சலில் ‘சரண்யா’ ‘சரண்’ ஆகிவிடும். ‘ஸ்ரீ’யா ‘சிறீ’யா என்பது உங்களுக்குத்தான் தெரியும். “ஏதாவது எழுதிக் குடுங்க சார்” என்று கேட்காதீர்கள். அன்று மட்டும் எண்பது பேருக்கு எழுதியவரிடம் புதிதாக ஒரு வாக்கியம் கேட்பது கொடுமை. பெயர், கையெழுத்து, தேதி போதும். பத்துப் புத்தகம் சுமந்து வந்திருந்தாலும் இரண்டை மட்டும் எடுங்கள்.

படம் எடுப்பது கடைசியில். கேட்டுவிட்டு எடுங்கள், ஒரு படம், தோளில் கை போடாமல். பக்கத்தில் நிற்பவரிடம் கைபேசியைக் கொடுத்து எடுக்கச் சொல்வது செல்ஃபியைவிட நன்றாக வரும். அவர் வாயில் வடை இருக்கும் படத்தைப் பதிவிடாதீர்கள்.

பையில் இருக்கும் கைப்பிரதி

அங்கேயே இருக்கட்டும். இந்த ஒரு விஷயத்தில் விதிவிலக்கே வேண்டாம்.

ஏன் என்று கொஞ்சம் பார்க்கலாம். ஒரு மூத்த எழுத்தாளர் புத்தகக் காட்சியில் ஒரு மாலை நடந்தால் அவர் கையில் சேரும் ஸ்பைரல் போட்ட கட்டுகளை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவதே பிரச்சினை. ரயிலேற வேண்டியவர் பாதியைப் பதிப்பக அரங்கிலேயே விட்டுவிட்டுப் போகிறார். அது மேசைக்கு அடியில் அட்டைப் பெட்டிகளோடு சேர்ந்து காட்சி முடிந்ததும் வண்டியேறுகிறது. கொடுத்தவர் ஆறு மாதம் பதிலுக்குக் காத்திருந்துவிட்டு, ‘படித்துவிட்டு மதிக்கவில்லை’ என்று மனம் கசந்து போகிறார். அவர் படிக்கவே இல்லை என்பதுதான் நடந்தது. இன்னொரு காரணமும் உண்டு. நாளைக்கு அவர் எழுதும் கதையில் உங்கள் கதையின் சாயல் தற்செயலாக வந்துவிட்டால் இருவருக்கும் சங்கடம். அதற்காகவே பலர் பிறர் கைப்பிரதியைத் தொடுவதில்லை.

அணிந்துரை கேட்பது இதைவிடப் பெரிய வேலை. ஜனவரி காட்சிக்குப் புத்தகம் வர வேண்டும் என்று டிசம்பர் கடைசியில் அச்சகத்தில் நிற்கும்போது, ஏதோ ஒரு விழாவில் எதிர்ப்பட்டவரிடம், “ரெண்டு பக்கம் போதும் சார், வெள்ளிக்கிழமைக்குள்ள” என்று கேட்பார்கள். நூற்றைம்பது பக்கத்தைப் படிக்காமல் எழுதினால் அவர் பெயர் கெடும், படிக்க நேரமில்லை. முடியாது என்றால் அகம்பாவி என்ற பெயர். அணிந்துரை வேண்டுமென்றால் குறைந்தது மூன்று மாதத்துக்கு முன்னால், பதிப்பாளர் மூலமாக, மறுப்பதற்கு வசதியாகக் கடிதத்தில் கேளுங்கள். முதல் தொகுப்பு அணிந்துரை இல்லாமலே வந்தாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

அவராகவே, “ஒரு கதை அனுப்புங்க, பாக்கலாம்” என்று சொன்னால் கதையே வேறு. அப்போது எந்த முகவரிக்கு, மின்னஞ்சலா தபாலா என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு வாரத்துக்குள் அனுப்புங்கள். ஒரு மாதம் தாண்டினால் சொன்னது அவருக்கே மறந்திருக்கும். ஒன்றே ஒன்று, உங்களிடம் இருப்பதில் நல்லது, முடிந்தால் இரண்டாயிரம் சொற்களுக்குள். யூனிகோடில், வேர்டு கோப்பாக. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அனுப்பினால் அவர் கணினியில் அது வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் திறக்கும், பாதிப் பேர் அதற்கு மேல் முயல மாட்டார்கள். கோப்புக்கு ‘புதிய கதை 1’ என்று பெயர் வைக்காமல் உங்கள் பெயரையும் கதைத் தலைப்பையும் வையுங்கள். வாட்ஸப்பில் துண்டு துண்டாக ஒட்டி அனுப்ப வேண்டாம். மின்னஞ்சலில் எங்கே, எப்போது சந்தித்தீர்கள் என்று ஒரு வரி. கதையை விளக்கி ஒரு வரிகூட வேண்டாம். மூன்று மாதம் பதில் இல்லாவிட்டால் ஒருமுறை நினைவூட்டலாம். இரண்டாவது முறை கூடாது.

யாரும் கேட்காத கதைகளுக்கு இடம் பத்திரிகைகள்தான். காலச்சுவடு போன்ற அச்சு இதழ்கள், சொல்வனம், அகழ், வல்லினம் போன்ற இணைய இதழ்கள் எல்லாம் அதற்காகத்தான் இருக்கின்றன. நீங்கள் நேரில் கொடுத்திருந்தால் மேசைக்கு அடியில் போயிருக்கும் கதையை, இதழில் வந்தால் அதே எழுத்தாளர் தற்செயலாகப் படிக்க வாய்ப்பு உண்டு.

ரயிலில் என்றால்

இங்கே உங்களுக்கு நேரம் அதிகம், அவருக்கு ஓடிப்போக இடமில்லை. அதனால் பொறுப்பு உங்களுடையது. எழும்பூரில் ஏறியதும் பேசாதீர்கள். பெட்டியைச் சங்கிலியில் பூட்டி, டிக்கெட் பரிசோதகர் வந்துபோய், பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டு முடிக்கட்டும். அதற்குப் பிறகு படுக்கை விரிக்கும்வரை உள்ள நேரம்தான் பேசுவதற்கு. இரவு பத்து மணிக்கு மேல் விளக்கணைப்பதும் நடுப்படுக்கையைத் தூக்குவதும் ரயில்வே விதி. அதையே பேச்சுக்கும் விதியாக வைத்துக்கொள்ளலாம். காலையில் பல் துலக்காதவரிடம் இலக்கியம் பேச வேண்டாம். அவர் கீழ்ப்படுக்கை கிடைக்காமல் மேலே ஏறச் சிரமப்பட்டால், உங்களுடையதை மாற்றிக்கொடுங்கள். எந்தப் பாராட்டைவிடவும் அது அவருக்குக் காலையில் நினைவிருக்கும்.

அவர் புத்தகம் விரித்தாலோ, கண்ணை மூடிக்கொண்டாலோ, தூங்காவிட்டாலும் தூங்குகிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் மற்றவர்களிடம், “இவர் யார் தெரியுமா?” என்று அறிவிக்க வேண்டாம். எட்டுப் பேருக்கும் தன் புத்தகத் தலைப்புகளைச் சொல்லி, அவர்களில் ஒருவர்கூடக் கேள்விப்படவில்லை என்று தெரிந்துகொள்ளும் இரவை அவருக்கு ஏற்படுத்தாதீர்கள்.

எப்போது கிளம்புவது

வரிசை இருந்தால் மூன்று நிமிஷம், இல்லையென்றால் பத்து. பேனா மூடியைத் திருகி மூடுவது, உங்கள் தோளுக்கு மேலே பார்ப்பது, கைபேசியை எடுத்து ஒன்றும் செய்யாமல் வைப்பது ஆகிய மூன்றில் ஒன்று தெரிந்தாலும், “நேரம் குடுத்ததுக்கு நன்றி சார், வர்றேன்” என்று நகர்ந்துவிடுங்கள். கூட வந்த நண்பரை, “இவரும் கவிஞர் சார்” என்று முன்னால் தள்ளும் வேலை வேண்டாம். கைபேசி எண் கேட்காதீர்கள், அவரே சொன்னால் வாங்கிக்கொள்ளுங்கள்.

சிடுசிடுத்தால்? நடக்கும். முழங்கால் வலி, சர்க்கரை, காலையிலிருந்து சாப்பிடாதது, பதிப்பாளரோடு கணக்குத் தகராறு, எதுவேண்டுமானாலும் இருக்கலாம். அவர் கதையில் நீங்கள் பார்த்த மனிதர் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் இல்லை. கதையில் வருவது நாலு முறை திருத்தி எழுதப்பட்டவர். அன்றிரவே அதைப் பற்றி முகநூலில் எழுத வேண்டாம். எழுதினால் பத்துப் பேர் பரிதாபப்படுவார்கள், எந்தப் பதிப்பாளரும் உங்களை மறக்க மாட்டார்.

அன்றிரவு

வீட்டுக்குப் போனதும், அவர் சொன்னதை அவர் சொன்ன வார்த்தைகளிலேயே எழுதி வையுங்கள். மறுநாள் காலைக்குள் அது உங்கள் வார்த்தைக்கு மாறிவிடும்; ஒரு வாரத்தில் அவர் உங்களைப் பாராட்டியதாகவே ஆகிவிடும். அதை வெளியே எழுதுவதாக இருந்தால், தனியாகச் சொன்னது எது, பொதுவில் சொன்னது எது என்று பிரித்துப் பாருங்கள். சக எழுத்தாளரைப் பற்றிச் சிரித்துக்கொண்டே சொன்ன ஒரு வரி அச்சில் ஏறினால் சிரிப்பு மட்டும் கழன்றுவிடும்.

பதினைந்து நாள் கழித்து ஒரு கடிதம் எழுதலாம். அவர் சிபாரிசு செய்த புத்தகத்தைப் படித்திருந்தால் மட்டும் எழுதுங்கள். கி.ரா.வும் கு. அழகிரிசாமியும், வண்ணதாசனும் கடிதத்தையே ஓர் இலக்கிய வடிவமாக்கிய மொழி இது. தபாலில் வரும் கடிதத்துக்கு மூத்தவர்களிடம் இன்னும் மதிப்பு இருக்கிறது. இன்லேண்டு லெட்டரின் இரண்டரைப் பக்கம் தாராளம். பதிப்பகத்தின் முகவரிக்கு, ‘மேற்பார்வை’ என்று போட்டு அனுப்பினால் சேர்த்துவிடுவார்கள். படித்ததில் எது புரிந்தது, எது இடறியது என்பதை மட்டும் எழுதுங்கள், கடைசி வரியில் உதவி எதுவும் கேட்காதீர்கள். பதில் வந்தால் நல்லது. வராமலும் போகலாம், அதற்காக இரண்டாவது கடிதத்தில் வருத்தம் தெரிவிக்க வேண்டியதில்லை.

அடுத்த வருஷம் அதே மைதானத்தில் மறுபடி எதிர்ப்பட்டால், “என்னை ஞாபகம் இருக்கா சார்?” என்று ஆரம்பிக்காதீர்கள். அவருக்கு ஞாபகம் இருக்காது. இருப்பதாகப் பொய் சொல்ல வேண்டியிருக்கும், அதற்குப் பிறகு அந்தப் பொய்யைக் காப்பாற்றுவதிலேயே அவர் கவனம் போய்விடும். பெயரும் ஊரும் மறுபடி சொல்லுங்கள், போன தடவை அவர் சொன்ன புத்தகத்தின் பெயரையும் சேர்த்து.